கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து ஒரு விலகல்

ஜனவரி 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நான் நலம். உன் அக்கா என்னைவிட நலம். நீயும் உன் எலிகளும் சௌக்கியம்தானே?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். வீட்டில் போன் கூடத்தில் இருக்கிறது. உன் அக்காவும் கூடத்தில்தான் இருக்கிறாள். பணிமனையில் போன் என் மேசைமேல்தான், ஆனால் மேசையைச் சுற்றி எந்நேரமும் நாலு மெக்கானிக்குகள் நிற்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரின் மனைவிமார் உன் அக்காவுக்கு உயிர்த்தோழிகள். ஆகவே பதிலைப் பணிமனை முகவரிக்கே போடு. உறைமேல் "சூப்பிரண்டு, சொந்த விஷயம்" என்று எழுது. சொந்த விஷயம் என்று எழுதினால்தான் யாரும் பிரிக்கமாட்டார்கள். அலுவலகக் கடிதம் என்றால் எல்லோரும் படித்துவிடுவார்கள்.

என் இதயக் குழாயில் பாதி அடைப்பு என்று போன வருஷம் கண்டுபிடித்தது உனக்குத் தெரியும். ஆயுளெல்லாம் பேருந்துகளின் எண்ணெய்க் குழாய்களில் கசடு எடுத்தவனுக்கு இது தேவைதான். மாத்திரை கொடுத்தபோது இதய மருத்துவரிடம் கேட்டேன்: "எத்தன நாளைக்கு டாக்டர்?"

"நீங்க இருக்கிற வரைக்கும்."

"நடுவுல நிறுத்தினா?"

"அப்பவும் நீங்க இருக்கிற வரைக்கும்தான்."

அன்றிலிருந்து மாத்திரையும் உன் அக்காவின் சமையலுமாக ஓடுகிறது. வேகவைத்த காயை மறுபடி ஒரு முறை வேகவைக்கிறாள். மேசையில் வெண்ணெய் இருந்த இடத்தில் இப்போது ஒரு பூச்சாடி இருக்கிறது. சாப்பிடும்போது அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஏதோ இலைச்சாறு கொடுத்து எலிகளின் ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கிறாயாமே. உன் அக்காதான் பெருமையாகச் சொன்னாள். அதில் ஒரு சீசா எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
வெந்ததையே தின்னும் உன் அத்தான்

ஜனவரி 21

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பூச்சாடியையும்.

ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். மாத இதழில் அறிவியலைத் தமிழில் எழுதி வருபவன் என்ற கௌரவத்தைக் காப்பாற்ற, ஆங்கிலச் சொல் கலக்காமல் விளக்குகிறேன்.

செடி ஒன்றும் அபூர்வமானதல்ல. வேலிக்கசப்பு என்று எல்லோரும் சொல்வதுதான். ஆடுகூட வாய் வைக்காது என்பதால் வேலிக்கு வளர்க்கிறார்கள். அதன் இலையை உலர்த்தி, பொடித்து, சாறெடுக்கிறோம். எலிகள் இரண்டு குழு. சாற்றுக் குழுவுக்கு வெண்ணெயும் விலங்குக் கொழுப்பும் பிசைந்த தீனி. சாற்றையும் அதிலேயே கலந்துவிடுகிறோம். ஒவ்வொரு எலியாகப் பிடித்து மெல்லிய குழாய் வழியே சாற்றை வயிற்றுக்குள் விடுவதுதான் முறை. அதற்கு இன்னும் இரண்டு ஆள் வேண்டும் என்று இயக்குநரிடம் கேட்டேன். அவர் நான் எலியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பக்கத்து அறையில் கட்டுப்பாட்டுக் குழு. அவற்றுக்குச் சாறு கிடையாது.

முடிவு என்னையே திகைக்கவைத்தது. கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறிக்கொண்டே போனது. சாற்றுக் குழுவுக்குக் கெட்ட கொழுப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எடையும் குறைந்தது, அது நாங்கள் எதிர்பாராத லாபம்.

ஆனால் சீசா அனுப்ப மாட்டேன். எலிக்குச் சரியானது அத்தானுக்கும் சரியென்று சொல்ல இன்னும் பல வருஷச் சோதனை பாக்கி. மாத்திரையை விடாதீர்கள். அக்காவுக்கு என் அன்பு; இந்தக் கடிதத்தைப் பற்றித்தான் சொல்ல முடியாது, அன்பை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
மாப்பிள்ளை

பிப்ரவரி 5

அன்பு மாப்பிள்ளைக்கு,

சுகம். ரொம்ப நாளைக்குப் பிறகு இந்தச் சொல்லை யோசிக்காமல் எழுதுகிறேன். உனக்கும் அப்படியே ஆகட்டும்.

கட்டுப்பாட்டுக் குழுவைப் பற்றி நீ எழுதிய பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போன வருஷத்திலிருந்து நானும் அந்தக் குழுவில்தான் இருந்திருக்கிறேன். எனக்கு அதன் பெயர்தான் தெரியாமல் இருந்தது. பக்கத்து அறையில் இருக்கும் அந்த அப்பாவி எலிகளை நினைத்தால் மனசு கனக்கிறது. அவற்றிடம் யாராவது உண்மையைச் சொல்லக் கூடாதா? போகட்டும், அறிவியலில் கண்ணீருக்கு இடமில்லை என்பாய்.

நான் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

சீசா வேண்டாம். நீ மறுத்ததில் எனக்குக் கோபமில்லை, உன் சட்டம் உனக்கு. இந்த வருஷம் நல்ல மழை. பணிமனையைச் சுற்றியுள்ள வேலி ஆள் உயரம் தழைத்து நிற்கிறது.

உன் அக்காவிடம் உன் அன்பைச் சொன்னேன். "எப்ப பேசினான்?" என்றாள். கனவில் என்றேன். நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

என்றும் உன்,
அத்தான்

பிப்ரவரி 27

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை தலைக்கு மேல்.

கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து நீங்கள் விலகியதை இயக்குநரிடம் படித்துக்காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் அவர் எதற்கும் சிரிப்பவரல்ல. நான் இரண்டு நாள் சிரித்தேன்.

சோதனையை இரண்டாம் முறை செய்தோம். அதே முடிவு. சாற்றுக் குழு எலிகள் ஓட்டப்பந்தயக்காரர்கள் மாதிரி ஒட்டிய வயிற்றோடு துள்ளுகின்றன. கொஞ்சம் கோபம் மட்டும் கூடியிருக்கிறது. கூண்டைத் திறந்தாலே தீனி போடும் எலிக்காரரின் கையுறையைக் கவ்வுகின்றன. அறிக்கையில் அதை எப்படி எழுதுவது என்று கேட்டேன். "உற்சாகம் மிகுதின்னு போடுங்க" என்றார் இயக்குநர். போட்டுவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிவிக்கப்போகிறார். வரவேற்புப் பதாகைக்கு வாசகம் எழுதும் பொறுப்பு என்னுடையது. "கொழுப்பை வென்ற வேலி" என்று எழுதிக் கொடுத்தேன். வேலி என்ற சொல் கௌரவமாக இல்லை என்று குழு போட்டு விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பதவி உயர்வைப் பற்றியும் ஒரு பேச்சு காதில் விழுந்தது. விழுந்ததை நான் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறேன், யாரிடமும் காட்டவில்லை.

மாத்திரை ஒழுங்காகப் போகிறதுதானே?

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ நலமாயிருப்பாய் என்று தெரியும். உயர்வு வரப்போகிறவர்களுக்கு நோய் வராது. நானும் நலம்தான். ஒரே ஒரு குறை, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் மறைப்பானேன். பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து தினமும் பணிமனை வேலியில் ஒரு கைப்பிடி இலை பறித்து, கேன்டீன்காரர் அடுப்பில் கொதிக்கவைத்துக் குடிக்கிறேன். உன் ஆராய்ச்சியை நம்பித்தான். கட்டுப்பாட்டோடு தின்ற எலிக்குக் கொழுப்பு ஏறியது, கட்டுப்பாடே இல்லாமல் வெண்ணெயும் கொழுப்புமாகத் தின்று சாறு குடித்த எலிக்கு இறங்கியது என்று நீயே உன் கைப்பட எழுதியிருக்கிறாய். இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிட முடியாது. எனவே கேன்டீனில் வெண்ணெய் ரொட்டி, பொரித்த முட்டை, வறுத்த இறைச்சி எல்லாவற்றுக்கும் சொல்லிவைத்தேன்.

குறை என்னவென்றால், ஒன்றும் வாயில் வைக்க முடியவில்லை. இலைத் தண்ணீரைக் குடித்துவிட்டால் பொழுது சாயும்வரை நாக்கு கசக்கிறது. வெண்ணெய் ரொட்டி, வேலி ரொட்டி மாதிரி இருக்கிறது. வறுத்த இறைச்சியை முகர்ந்துவிட்டு மெக்கானிக்கிடம் தள்ளிவிடுகிறேன். "சூப்பிரண்டுக்கு எங்கமேல திடீர்னு என்ன பாசம்?" என்று கேட்கிறான். அனுமதி கிடைத்த பிறகு பசி போய்விட்டது பார், இதுதான் என் அதிர்ஷ்டம். ஆனால் உன் மருந்து வேலை செய்கிறது. பெல்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆளே பாதியாயிட்டீங்களே" என்கிறார்கள்.

கசப்பை மட்டும் எடுக்க ஏதாவது வழி இருந்தால் உடனே எழுது. உன் எலிகள் எப்படித்தான் சமாளிக்கின்றனவோ.

நன்றியுடன்,
மெலிந்த அத்தான்

மார்ச் 25

அத்தான்,

நலம் விசாரிப்பது பிறகு.

கட்டுப்பாட்டுக் குழு என்றால் கட்டுப்பாட்டோடு சாப்பிடும் குழு அல்ல. அந்த எலிகளுக்கும் அதே வெண்ணெய், அதே கொழுப்பு, வேண்டுமட்டும். சாறு மட்டும்தான் கிடையாது. சாறு குடித்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா வைத்திருக்கும் குழு. ஆங்கிலத்தில் கன்ட்ரோல் என்பார்கள். யாரோ ஒருவர் அகராதியைப் பார்த்துக் கட்டுப்பாடு என்று பெயர்த்தார். நான் அதைப் பார்த்து எழுதினேன். நீங்கள் என்னைப் பார்த்துக் குடித்தீர்கள்.

உலகத்தில் எந்த எலியும் கட்டுப்பாடாக இருந்ததால் கொழுப்பேறிச் சாகவில்லை.

இலைத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். அது மனிதர்களுக்கு என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொன்று. பிப்ரவரியில் மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தேன். உங்கள் பதிலில் முட்டை இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, பெல்ட்டின் ஓட்டைகூட இருக்கிறது, மாத்திரை இல்லை. போட்டுக்கொள்கிறீர்களா, இல்லையா? ஒரே சொல்லில் எழுதினால் போதும்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 7

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் நலமா என்று இம்முறை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை.

பதில் இல்லை. பணிமனைக்குப் போன் செய்தேன். "சூப்பிரண்டு பள்ளத்துல இருக்கார்" என்றார் எழுத்தர். எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு நின்றுவிட்டது. பேருந்துக்கு அடியில் நின்று பார்க்கிற பள்ளம் என்று அவர் விளக்கியபிறகுதான் வந்தது. மறுநாள் செய்தேன், வெளியே போயிருக்கிறார். அதற்கடுத்த நாள், இருக்கிறார் ஆனால் இல்லை.

வீட்டுக்குச் செய்தேன். அக்கா எடுத்தாள்.

"அவரா? ஜம்முனு இருக்கார். மெலிஞ்சு, கல்யாணத்தப்ப இருந்த மாதிரி ஆயிட்டார். எல்லாம் என் சமையல்."

"மாத்திரை?"

"நானே கையில கொடுக்கறேன், என் கண்ணு முன்னாடி முழுங்கறார். ஏன்டா கேக்கற?"

"சும்மாதான்க்கா."

"நீ சும்மா போன் பண்ற ஆளே இல்லையே."

வைத்துவிட்டேன். கையில் கொடுப்பது வேறு, தொண்டையைத் தாண்டுவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். தவறாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை.

உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னை விடவில்லை. எலிகள் கசப்பை எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். போய்ப் பார்த்தேன். சமாளிக்கவில்லை. தீனியைக் காலால் கிளறி, கூண்டுக்கு அடியில் தள்ளிவிடுகின்றன. பசி பொறுக்காதபோது கொஞ்சம் கொறிக்கின்றன. நாங்கள் போட்ட தீனியைத்தான் எடைபோட்டோம். மிச்சத்தை எடைபோடாமல் பெருக்கித் தள்ளிவிட்டோம். என் ஓட்டப்பந்தயக்காரர்கள் பட்டினி கிடந்திருக்கிறார்கள், அத்தான். கையுறையைக் கடித்தது உற்சாகத்தால் அல்ல.

சந்தேகத்தைத் தீர்க்க மூன்றாவதாக ஒரு குழு வைத்திருக்கிறேன். சாறு இல்லாத தீனிதான், ஆனால் சாற்றுக் குழு முந்திய நாள் எவ்வளவு தின்றதோ அவ்வளவே இவற்றுக்கும். இயக்குநரிடம் இன்னும் சொல்லவில்லை. பதாகை அச்சாகி வந்துவிட்டது. "கொழுப்பை வென்ற மூலிகை." வேலியை எடுத்துவிட்டார்கள்.

ஒரு சொல், அத்தான்.

உங்கள்,
மாப்பிள்ளை

ஏப்ரல் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே படித்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் இந்த ஒரு சொல்தான் எழுத வேண்டியிருந்தது. அது எழுதுவதற்குப் பெரிய சொல்லாக இருந்தது.

இலைத் தண்ணீர் தொடங்கிய அன்றே மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு மருந்து எதற்கு என்று நினைத்தேன். உன் அக்கா கையில் கொடுப்பாள். நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பேன். தெருமுனை திரும்பியதும் கைக்குட்டைக்கு மாற்றுவேன். எறிய மனசு வரவில்லை. யார்டில் கழித்துக்கட்டிய பேருந்து ஒன்று நிற்கிறது, அதன் முதலுதவிப் பெட்டியில் போட்டுவைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் மருந்து என்று ஒன்று இருப்பது அனேகமாக இதுதான் முதல் தடவை.

நீ எழுதியபின் இலையை நிறுத்திவிட்டேன். கசப்பு நிற்கவில்லை. மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கலாமே என்பாய். இத்தனை நாள் விட்டுவிட்டுத் திடீரென்று போட்டால் இதயம் திடுக்கிட்டுவிடுமோ என்று பயம். டாக்டரிடம் கேட்கலாமே என்பாய். அவர் சொல்லப்போவதைக் கேட்கப் பயம். சிரிக்காதே, எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது.

முந்தாநாள் பள்ளத்திலிருந்து ஏறும்போது கண் இருட்டிவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது. மெக்கானிக் ஓடிவந்து, "என்ன சார், வண்டி மக்கர் பண்ணுதா?" என்றான். எந்த வண்டியைக் கேட்டான் என்று தெரியவில்லை. நேற்றும் அப்படி வந்தது.

உன் அக்காவிடம் சொல்லிவிடாதே. உன்னைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தான்

ஏப்ரல் 17

அத்தான்,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. படித்த கையோடு அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதை நீங்கள் படிப்பதற்குள் உங்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருப்பாள். படிக்கிற நிலைமையில் நீங்கள் இருக்க வேண்டும், பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், பதில் பேசமாட்டேன்.

அக்கா "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

மாப்பிள்ளை

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று தொடங்க வேண்டும் என்பது முறை. முந்தாநாள் நீ போனை வைத்ததிலிருந்து நேற்று மத்தியானம்வரை நான் நலமில்லை. இப்போது நலம். உன் அத்தானும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

பணிமனைக்கே போய் அவரை இழுத்துக்கொண்டு போனேன். மெக்கானிக்குகள் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். மருத்துவமனையில் படுக்கவைத்து, மார்பில் கம்பிகளை ஒட்டிப் படமெடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மருந்து செலுத்திக் குழாயைப் படம் பிடித்தார்கள். வெளியே நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். எதிரே சுவரில் இதயப் படம் ஒன்று மாட்டியிருந்தது. குழாய் எல்லாம் சிவப்பும் நீலமுமாக, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைத் தவிர எனக்கு வேறொன்றும் ஞாபகமில்லை.

பிறகு டாக்டர் உள்ளே கூப்பிட்டார்.

"அடைப்பு போன வருஷம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் இருக்கு. இதயத்துக்கு ஒண்ணும் ஆகல."

"அப்ப அந்தப் படபடப்பு?"

"பசி."

"என்ன?"

"சாப்பிடவே இல்லையேம்மா இவர். ரத்தத்துல சர்க்கரை எவ்வளவு இறங்கியிருக்கு பாருங்க. வெறும் வயித்தோட பள்ளத்துல ஏறி இறங்கினா யாருக்கும் கண் இருட்டத்தான் செய்யும். கொழுப்பு கொஞ்சம் ஏறியிருக்கு. அதுக்குமேல ஏறணும்னா உள்ள ஏதாவது போகணுமே."

உன் அத்தான் எழுந்து உட்கார்ந்து இலை விஷயத்தைச் சொன்னார்.

"யார் சொன்ன வைத்தியம் இது?"

"என் மச்சினன், டாக்டர். விஞ்ஞானி."

"மனுஷங்களுக்கா?"

"எலிங்களுக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மாத்திரையை நேற்றிலிருந்து மறுபடி தொடங்கியாகிவிட்டது. இதயம் திடுக்கிடாது என்று டாக்டர் உறுதி சொன்னார். இவர் அதையும் கேட்டார். விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன், நாக்கையும் தூக்கிக் காட்டச் சொல்கிறேன். அந்தப் பேருந்திலிருந்த பழைய மாத்திரைகளை நானே போய் எடுத்துக் குப்பையில் கொட்டினேன். டாக்டர் முட்டைகூட வாரத்துக்கு இரண்டு தரலாம் என்றார். நான் இத்தனை கடுமையாக இருந்திருக்க வேண்டாமாம். எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லையே.

இனி நீங்கள் இரண்டு பேரும் கடிதம் எழுதுவதானால் வீட்டு முகவரிக்கே எழுது. நானும் படிப்பேன்.

உன் அக்கா

மே 19

அன்புள்ள அத்தானுக்கும், இதைப் படிக்கப்போகும் அக்காவுக்கும்,

வணக்கம். நலம். உண்மையாகவே நலம். அக்காவின் கடிதம் கையில் கிடைத்தபோது ஆய்வுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். எலிகள் பார்த்தன. அவை எதையும் வெளியே சொல்வதில்லை.

மூன்றாம் குழுவின் முடிவு வந்துவிட்டது. சாறே தொடாமல், அளவாக மட்டும் தின்ற அந்த எலிகளுக்கும் கொழுப்பு அதே அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆக, வேலிக்கசப்பு ஒன்றுமே செய்யவில்லை. செய்ததெல்லாம் பட்டினி. அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பு, முடிவு முழுதாக வருவதற்குள்ளேயே, பாதி முடிவை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப பசிக்குக் காப்புரிமை வாங்க முடியாதா?" என்று கேட்டார்.

அவர் எதற்கும் சிரிப்பவரல்ல என்று எழுதியிருந்தேன். அதைக் கேட்டபோதும் சிரிக்கவில்லை.

"அப்ப பத்திரிகைக்காரங்க வர வேண்டாம். கூட்டத்தை நிறுத்திடுங்க" என்று கடைசியில் சொன்னார். பதாகையை எலி அறையின் ஜன்னலுக்குத் திரையாகக் கட்டியிருக்கிறார்கள். மத்தியான வெயிலுக்கு நன்றாகத் தாங்குகிறது. என் பதவி உயர்வு வேறு ஒருவருடைய காதில் விழுந்துவிட்டது. எலிக்காரர் சாற்றுக் குழுவுக்குச் சாதாரணத் தீனி போட்டார்; இப்போது ஒன்றும் கடிப்பதில்லை.

சில நாள் மனசு சுருக்கென்றது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்திரிகைகளில் அது வந்திருந்தால் எத்தனை வேலிகள் மொட்டையாகியிருக்கும், எத்தனை பேர் வீட்டில் சொல்லாமல் மாத்திரையைக் கைக்குட்டைக்கு மாற்றியிருப்பார்கள்? அவர்கள் எல்லோரையும் மருத்துவமனைக்கு இழுத்துப் போக ஓர் அக்கா இருப்பாளா? அதை நினைத்ததும் சுருக்கு போய்விட்டது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சாறு பலிக்கவில்லை என்பதையே ஒரு கட்டுரையாக எழுதிவிட்டேன். நம் மாத இதழுக்கும் தமிழில் ஒன்று அனுப்பினேன். கட்டுப்பாட்டுக் குழு என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு ஒப்பீட்டுக் குழு என்று எழுதி, காரணத்தையும் குறிப்பிட்டிருந்தேன். ஆசிரியர் திரும்பவும் கட்டுப்பாட்டுக் குழு என்றே திருத்திப் போட்டிருக்கிறார். அதுதான் வழக்கில் இருக்கிறதாம்.

உங்கள் இருவருக்கும் என் வணக்கம். அத்தான் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாரா?

மாப்பிள்ளை

ஜூன் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சேமம். உன் சேமத்தையும் எழுது. வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். உன் அக்கா தோள் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஏதோ பொங்கவே உள்ளே போயிருக்கிறாள். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். இரண்டு பக்கமும் காட்டுகிறேன். பணிமனையிலும் செய்தி பரவிவிட்டது. மெக்கானிக்குகள் என்னைப் பார்த்தால் நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறார்கள். போன வாரம் ரத்தம் கொடுத்தேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்து, "இப்ப இது ரத்தம்தான்" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

உயர்வு போனதைப் பற்றி வருந்தாதே. நீ அறிவித்து, பெரிய ஆளாகி, நான் படத்தில் மாலையோடு இருந்திருந்தால் அதை எப்படி ஆற அமர ரசித்திருப்பாய்?

கசப்பு விஷயம் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்தபிறகும் அது போகவில்லை. நாள்பட நாள்பட, சாப்பாடு வெறும் பஞ்சு மாதிரி ஆயிற்று, கசப்புமில்லை, வேறெதுவுமில்லை. டாக்டர் தானாகச் சரியாகும் என்றார். நானும் வைத்ததையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தேன். இனிமேல் ஒழுங்காக இருப்பது என்று முடிவு செய்தவன் அப்படித்தானே இருக்க வேண்டும்?

நேற்று ஒரு வாய் வைத்தேன். வைத்ததும் என்னையறியாமல் சொல்லிவிட்டேன்: "என்ன இது, உப்பே இல்ல?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. தட்டு பறக்கும் என்று கையை உயர்த்திக்கொண்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நேரமாகியும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுகிறாள்.

"ஏய், நல்லாத்தான் இருக்கு, சும்மா சொன்னேன்."

"இல்ல. உப்பு இல்லதான். நான் போடவே இல்ல."

"மறந்துட்டியா?"

"மறக்கல. மூணு நாளா போடல. நீங்க கேக்கறீங்களான்னு பார்த்தேன்."

நான் கிட்டே போனேன், மாப்பிள்ளை.

"எல்லார்கிட்டயும் மெலிஞ்சு அழகாயிட்டார்னு சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றாள். "பிப்ரவரியிலிருந்து என் சமையல்ல நீங்க ஒரு குறை சொல்லல. இருபத்தாறு வருஷமா குறை சொல்லிக்கிட்டே இருந்த மனுஷன் திடீர்னு நிறுத்தினா நான் என்னன்னு நினைக்கிறது?"

என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உப்பு ஜாடியை எடுத்து வந்து, என் தட்டில் தானே ஒரு சிட்டிகை போட்டாள். கொஞ்சமாகத்தான்.

போதவில்லை என்றேன்.

இங்ஙனம்,
அத்தான்